டெக்சாஸில் எனக்கிருந்த அடிநிலம்

பாறசாலையில் ரிஜிஸ்தர் ஆபீசுக்கு எதிரே, ஒரு மாடிப்படிக்குக் கீழே ஒடுங்கிய அறையில், இருபத்திரண்டு வருடமாக நிலப் பத்திரங்களைத் தட்டச்சு செய்து வருகிறேன். எங்கள் பக்கத்தில் பத்திரத்துக்கு ஆதாரம் என்று பேர். ஆதாரம் எழுதித் தரும் எழுத்துக்காரர் வாயால் சொல்வார், நான் மலையாளத்தில் அடிப்பேன். வீட்டில் தமிழ், கடையில் மலையாளம், சண்டை என்று வந்தால் இரண்டும். ஓர் ஆதாரத்தைக் கையில் கொடுத்தால் எந்த இடத்தில் வில்லங்கம் ஒளிந்திருக்கிறது என்று பத்து நிமிடத்தில் சொல்லிவிடுவேன் என்கிற திமிர் எனக்கு உண்டு. உண்டு என்று எழுதிவிட்டேன். இருந்தது.

என் வீட்டுக்காரர் டிப்பர் ஓட்டினார். குன்றை இடித்து விற்கும் செம்மண்ணை ஏற்றிக்கொண்டு போய், வயலைத் தூர்த்து வீடு கட்டுகிறவர்களுக்குத் தட்டுவது வேலை. ஒரு மழைக்காலத்தில் அவர் கண் மஞ்சளானது. கீழாநெல்லி, கஞ்சி, பத்தியம் எல்லாம் பார்த்தோம். வயிறு வீங்கிய பிறகுதான் திருவனந்தபுரத்துக்குக் கொண்டுபோனேன். ஈரல் போய்விட்டது, மாற்றி வைக்க வேண்டும் என்றார் டாக்டர். கேள்விப்பட்டவர்கள் எல்லோரும் முதலில் கேட்டது, "குடிப்பாரோ?" என்றுதான். கிறிஸ்துமஸுக்கு வீட்டில் போடும் திராட்சை ஒயினைக்கூடத் தொடாத மனிதர். முதல் ஒரு மாதம் பொறுமையாகப் பதில் சொன்னேன். அப்புறம் கேட்டவர்களிடம், "ஓ, உங்க வீட்டுல இருந்துதான் வாங்கிக் குடிச்சாரு" என்று சொல்ல ஆரம்பித்தேன்.

கொடுக்க ஈரல் இருந்தது. என் ரத்தம் பொருந்தியது, பரிசோதனை எல்லாவற்றிலும் தேறினேன். இல்லாதது ஆஸ்பத்திரியில் முன்கூட்டிக் கட்ட வேண்டிய பணம். எங்களுக்கென்று இருந்தது உதியன்குளங்கரைக்குப் பக்கத்தில் பத்து சென்ட், அதில் ஒரு ஓட்டு வீடு, ஆறு தென்னை. ரோட்டை அகலப்படுத்த அளந்து முற்றத்தில் கல் நட்டுவிட்டுப் போயிருந்தார்கள். கல் நட்ட நிலத்தை, எங்கள் பேச்சில் வஸ்துவை, யாரும் விலை கேட்க மாட்டார்கள், பாங்கும் தொடாது. மூன்று மாதத்துக்கு மேல் தள்ளாதீர்கள் என்று டாக்டர் சொல்லி, அதில் முழுதாக மூன்று வாரம் போயிருந்தது. ஜெபம் பண்ணும்போதுகூட எனக்கு வார்த்தை வரவில்லை, கோபம்தான் வந்தது.

அப்போதுதான் டெக்சாஸிலிருந்து ஒரு வக்கீலின் மெயில் வந்தது.

என் அம்மாவின் தங்கை, சித்தி, நர்சிங் படித்துவிட்டு வளைகுடாவுக்குப் போய் அங்கிருந்து அமெரிக்கா போனவள். நாற்பத்தெட்டு வயதில் அந்த ஊர்க்காரர் ஒருவரைக் கட்டினாள். பிள்ளைகள் இல்லை. அவரை ஒரே ஒரு தடவை ஊருக்குக் கூட்டி வந்தாள். சப்பாத்திக்கள்ளிப் பழம் மாதிரி சிவந்த மனிதர், மரச்சீனிக் கிழங்கும் மீன்கறியும் கையால் அள்ளித் தின்றார். என் வீட்டுக்காரரின் டிப்பரைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "இந்த மண்ணுக்கு அடியில் இருப்பது யாருடையது?" என்று கேட்டார். சித்தி தமிழாக்கினாள். "சர்க்காருக்காக்கும். நாலு லோடு கூடுதல் எடுத்தாலே வண்டியப் பிடிச்சிருவான்" என்றார் இவர். தன் அப்பா நிலத்தின் மேல்பாகத்தை விற்றுவிட்டு அடிப்பாகத்தை மட்டும் கையில் வைத்திருந்தார் என்று சித்தப்பா சொன்னபோது நாங்கள் எல்லோரும் சிரித்தோம். வேடிக்கைக்குச் சொல்கிறார் என்றே நினைத்தோம்.

வேடிக்கை இல்லை. அவர் இறந்ததும் அந்த அடிப்பாகம் சித்திக்கு வந்திருக்கிறது. அவள் காகிதத்தில் பெயரை மாற்றாமலே விட்டுவிட்டு, மூன்று வருடத்தில் தானும் போய்விட்டாள். உயிலில் வீட்டை அங்குள்ள சபைக்கும், எண்ணெய்யும் வாயுவும் இருக்கும் அடிநில உரிமையை எனக்கும் எழுதியிருந்தாள். கோர்ட்டு நடைமுறை முடிந்துவிட்டது, இனி அது உங்களுடையது என்றார் வக்கீல். மெயிலை அச்செடுத்து எழுத்துக்காரரிடம் கொடுத்தேன். மூக்குக்கண்ணாடியை ஏற்றி இறக்கிப் பார்த்தார்.

"மக்கா, இதுல நாலெல்லை எங்க? கெழக்கே ஆருக்க வஸ்து, மேற்கே ஆருக்க வஸ்து, ஒண்ணும் இல்லியே."

"எல்லையெல்லாம் மேல இருக்கவனுக்காக்கும் சாரே. நமக்கு அடி மட்டும்."

"அப்ப எண்ணெ எடுக்கணும்னா அவனுக்க அனுமதி வேண்டாமா?"

"வேண்டாமாம். அடிக்கு உடையவனுக்க ஆளு எறங்கி எடுத்துக்கலாமாம்."

"கொள்ளாம். இஞ்ச ஒருத்தனுக்க விளையில தேங்கா பொறுக்கப் போனா காலை வெட்டுவான்."

அன்று முழுக்க வேலைக்கு நடுவே அதைத்தான் படித்தேன். ஒரு பெரிய நிலத்தின் அடியில் இருபத்து நான்கில் ஒரு பங்கு எனக்கு. அதை ஒரு கம்பெனிக்குக் குத்தகை விட்டிருக்கிறார்கள். கம்பெனி கிணறு தோண்டி எண்ணெய் எடுத்து விற்று, ஒரு பாகத்தை அடிக்கு உடையவர்களுக்குப் பங்கு வைக்கிறது. எங்கள் ஊர்க் கணக்கில் பாட்டம். கிணறு வற்ற வற்றப் பாட்டமும் குறையும். அந்த உரிமையை நிலம் மாதிரியே விற்கலாம், ஒற்றி வைக்கலாம், பிள்ளைக்கு எழுதலாம். ஒரு தடவைகூட மிதிக்காத மண்ணுக்கு அடியில், ஒரு தடவைகூடப் பார்க்காத எண்ணெய்யில் எனக்கு இத்தனை உரிமை, எங்கள் ஆதார பாஷையில் அவகாசம், இருந்தது எனக்கே கூச்சமாக இருந்தது.

வீட்டில் சொன்னேன். அவர் கட்டிலில் சாய்ந்திருந்தார், வயிற்றின் மேல் கை.

"பதினெட்டு வருஷம் அடுத்தவனுக்க மண்ணெ வாரினேன். இப்ப நமக்கு மண்ணு அமெரிக்காவுலயா?" என்று சிரிக்கப் பார்த்தார். இருமல் வந்தது.

வக்கீலின் மெயிலில் இன்னொரு விஷயம் இருந்தது. சித்தப்பா இறந்த நாளிலிருந்து, பெயர் மாற்றாத காரணத்தால், கம்பெனி பாட்டத்தை யாருக்கும் கொடுக்காமல் நிறுத்தி வைத்திருந்தது. பெயரை என் பெயருக்கு மாற்றினால் அந்தத் தொகை முழுவதும் எனக்கு வரும். எவ்வளவு என்று பெயர் மாறாமல் சொல்ல மாட்டார்களாம். ஐந்தாறு மாதம் ஆகும். பொறுத்திருந்து அதை வாங்கிக்கொண்டு பிறகு விற்பது நல்லது என்று எழுதியிருந்தார். ஐந்தாறு மாதம் என்ற இடத்தில் என் கண் நின்றுவிட்டது. அந்த மனிதருக்கு என்ன, மாதம் என்பது காலண்டர் தாள்.

கோர்ட்டுக் காகிதத்தைப் பார்த்துவிட்டு விலை கேட்டு மூன்று பேர் எழுதினார்கள். இரண்டாவது விலை சொன்ன கம்பெனியிலிருந்து ஒரு பெண் போனிலும் கூப்பிட்டாள். இங்கே சாயங்கால ஜெபம் முடிகிற நேரம், அங்கே காலை. குரலில் அப்படி ஒரு கனிவு. ஏன் விற்கிறீர்கள் என்று கேட்டாள். விற்க வருகிற ஒவ்வொருவரிடமும் நான் சொல்லும் முதல் புத்தி, வீட்டுக் கஷ்டத்தை வாங்குகிறவன் காதில் போடாதே என்பது. அந்த நான், அவர் ஈரல், டாக்டர் சொன்ன கெடு, முற்றத்துக் கல் எல்லாவற்றையும் எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் கொட்டித் தீர்த்தேன். அவள் "ஐயோ" என்கிற மாதிரி ஒரு சத்தம் செய்தாள். கையெழுத்திட்ட தாள் கைக்கு வந்த பத்தாம் வேலைநாள் பணம் உங்கள் பாங்கில் இருக்கும் என்றாள். மற்ற இரண்டு பேரும் நாற்பது நாள் கேட்டிருந்தார்கள், டாக்டர் சொன்ன கெடுவில் அவ்வளவு மிச்சமில்லை. விலை குறைவு என்று தெரியும். ஆஸ்பத்திரிக்குக் கட்டச் சரியாக எட்டும் என்பதும் தெரியும்.

மனதுக்குள் இப்படி முடிச்சுப் போட்டேன்: விற்ற பணம் ஆபரேஷனுக்கு. நிறுத்தி வைத்த பணம் பின்னால் மெதுவாக வரட்டும், ஆயுசு முழுக்கத் தின்ன வேண்டிய மாத்திரைக்கு அது. இது கூடாது என்று எனக்கு ஒரு நொடிகூடத் தோன்றவில்லை. எங்கள் பக்கத்தில் ஒரு தென்னை விளையை விற்றால் மரமும் மரத்தில் நிற்கும் காயும் வாங்கியவனுக்கு. பறித்துக் கீழே குவித்துப் போட்ட தேங்காய் விற்றவனுக்கு. இதை யாரும் ஆதாரத்தில் எழுதுவதில்லை, எழுதச் சொன்னால் சிரிப்பார்கள். குளத்தூர்க்காரர் ஒருவர் விளையை எழுதிக் கொடுத்து ஒரு வாரம் கழித்து ஆட்டோவோடு போனார், வாங்கியவரே கூட நின்று தேங்காயை ஏற்றிவிட்டார். நிறுத்தி வைத்த பணம் எனக்குப் பறித்துப் போட்ட தேங்காய். அந்தப் பெண்ணிடம் அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. யாராவது கேட்பார்களா?

விற்பனை ஆதாரம் மெயிலில் வந்தது, இரண்டே பக்கம். ஒரு கட்டணம் கொடுத்தால் வாசித்துப் பார்த்துச் சொல்கிறேன் என்று வக்கீல் எழுதினார். ஆதாரம் வாசிக்க எனக்கு ஒரு வக்கீலா என்று இருந்தது. கடையில் உட்கார்ந்து விரல் வைத்து வரி வரியாகப் படித்தேன். பெயர் சரி, கவுண்டி என்கிற அவர்கள் ஜில்லா சரி, பங்கு சரி, விலை சரி. நடுவில் பதினைந்து வரி, முற்றுப்புள்ளி இல்லாமல் ஒரே ஓட்டம். எந்த நாட்டிலும் எழுத்துக்காரன் எழுத்துக்காரன்தான் என்று சிரித்துக்கொண்டேன். நானும் தினம் அதை அடிக்கிறேன் அல்லவா: மரமும் மட்டையும் கிணறும் வழியும் இதிலுள்ளதும் இனி உண்டாகப் போவதுமான சகல அவகாசங்களும் என்று. நடுத்துண்டைக் கம்ப்யூட்டரில் ஒரு தடவை அடித்து வைத்துவிட்டால் போதும், எல்லா ஆதாரத்திலும் கொண்டுபோய் ஒட்டலாம். வாங்கியவனும் விற்றவனும் அந்த இடம் வரும்போது காதைக் குடைவார்கள். அந்தப் பதினைந்து வரியில், உற்பத்தி தொடங்கிய முதல் நாளிலிருந்து சேர்ந்ததும், எவரிடமாவது நிறுத்தி வைக்கப்பட்டிருப்பதும், இனிச் சேர்வதுமான எல்லாத் தொகைகளும் சேர்த்து என்று எழுதியிருந்தது. பார்க்கவில்லை என்று சொன்னால் பொய். பார்த்தேன். விரல் அதன்மேல் ஊர்ந்து போயிற்று.

அமெரிக்க அதிகாரி முன்னால் கையெழுத்திட வேண்டும், அதனால் சென்னையிலுள்ள துணைத் தூதரகத்துக்குப் போனேன். வீட்டுவேலைக்குக் குவைத் போகலாம் என்று ஒரு காலத்தில் எடுத்து, ஒரு முத்திரைகூட விழாத பாஸ்போர்ட் அன்றுதான் உபயோகப்பட்டது. கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து அதிகாரி, நீங்கள் எதில் கையெழுத்துப் போடுகிறீர்கள் என்று உங்களுக்குத் தெரியுமா என்று கேட்டார். என் தொழிலே இதுதான் என்றேன்.

பத்தாம் வேலைநாள் பணம் வந்தது. அந்தப் பெண் சொன்ன சொல் தவறவில்லை. பாங்கு மானேஜர் என்னைக் கூப்பிட்டு இது என்ன பணம் என்று கேட்டார். அடிநிலம் விற்றது என்றேன். மேலே யார் இருக்கிறார்கள் என்று கேட்டார். தெரியாது என்றேன்.

ஆபரேஷன் நடந்தது. என் ஈரலில் பாதிக்கு மேல் எடுத்தார்கள். கண் விழித்ததும் முதலில் கேட்டது, அவருக்கு எப்படி என்று. "உங்க ஈரல் அங்க வேலை தொடங்கியாச்சு" என்றாள் நர்ஸ். அந்த ஒரு நாள் நான் ஆண்டவரோடு சமாதானமாக இருந்தேன்.

அவர் வீடு திரும்பினார். மஞ்சள் இறங்கியது, கண் வெள்ளையானது. ஆனால் தூசி கூடாது, கூட்டம் கூடாது, டிப்பர் கூடவே கூடாது. மாத்திரை ஒரு வேளை தவறக்கூடாது. அந்த மாத்திரையின் விலை என் ஒரு மாதச் சம்பளத்துக்கு மேல். இருந்த நகையை விற்றேன், சபையில் ஒரு ஞாயிறு காணிக்கை எடுத்துக் கொடுத்தார்கள். நான் டெக்சாஸ் வக்கீலுக்கு எழுதினேன்: உரிமையை விற்றுவிட்டேன், நிறுத்தி வைத்த பணத்தை எனக்கு அனுப்பச் சொல்லுங்கள். அவர் கம்பெனிக்கு எழுதினார்.

பதில் ஒரு திங்கட்கிழமை வந்தது. கடையில் நல்ல கூட்டம். தொகை முழுவதையும், நீங்கள் எழுதிக் கொடுத்த ஆதாரத்தின்படி, வாங்கியவருக்குக் கொடுத்தாயிற்று என்று இருந்தது. எவ்வளவு என்றும் போட்டிருந்தார்கள். எனக்குக் கிடைத்த விலையைவிடக் கூடுதல். அதாவது அவர்கள் எனக்குக் கொடுத்தது என் பணம், மிச்சமும் என் பணம், அடிநிலம் அவர்களுக்கு இனாம். கம்ப்யூட்டரில் பாதி அடித்து நின்ற ஆதாரத்தில் கர்சர் மினுங்கிக்கொண்டிருந்தது. முத்திரைத்தாள் கொண்டுவந்த மனிதர் ஏதோ கேட்டார், காரணமே இல்லாமல் அவரைக் கண்டபடி ஏசினேன். எழுந்து பின்பக்கம் போய்க் குழாயடியில் முகத்தைக் கழுவினேன், கழுவினேன், நிறுத்த முடியவில்லை.

அந்தப் பெண்ணைக் கூப்பிட்டேன். ஆதாரத்தில் அது தெளிவாக இருக்கிறதே என்றாள். இருந்தது. அப்புறம், "உங்கள் கணவர் எப்படி இருக்கிறார்?" என்று அதே கனிவோடு கேட்டாள். போனை வைத்துவிட்டேன்.

அவரிடம் எப்படிச் சொல்வது? தன்னால்தான் எல்லாம் போயிற்று என்று ஏற்கெனவே குன்றிப் போயிருந்த மனிதர். நிறுத்தி வைத்த பணம் பின்னால் வரும் என்று அவரிடம் முன்பே சொல்லியிருந்தேன், தினம் நான் வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றும்போது கேட்பார்.

"எட்டி, அது வந்துதா?"

"பேரு மாத்திட்டிருக்காவ. வரும்."

ஏழு மாதம் இதைச் சொன்னேன். அவர் அந்தப் பணத்துக்குத் திட்டம் வைத்திருந்தார். ரோட்டோரம் ஒரு சின்னக் கடை, இருந்தே செய்கிற வியாபாரம், தூசி இல்லாத ஏதாவது. ஒரு பழைய நோட்டில் அலமாரிக்கு அளவெல்லாம் போட்டிருந்தார். அவர் அளவு சொல்லும்போது நான் அடுப்படிக்குப் போய்விடுவேன். என் மேல் எனக்கே அப்படி ஒரு வெறுப்பு.

எட்டாம் மாதம் மாத்திரைக்கு வழியில்லை. பத்து சென்டை விற்பதைத் தவிர வேறொன்றும் மிச்சமில்லை. கல் நட்டதைப் பொருட்படுத்தாமல், குறைந்த விலைக்கு வாங்கிக்கொள்கிறேன் என்று பக்கத்து வீட்டுக்காரர் வந்தார். காஞ்சிரங்குளத்தில் என் தங்கை வீட்டுக்கு அருகில் வாடகைக்குப் போகலாம் என்றேன். என் வீட்டுக்காரர் மறுக்கவே இல்லை.

"கொடுத்துருவோம். அந்தப் பைசா வந்தா வேற வாங்கலாம் இல்லியா?"

"ஓ" என்றேன்.

வீடு எங்கள் இரண்டு பேர் பெயரிலும் இருந்தது. எங்கள் ஆதாரத்தை எழுத்துக்காரர் சொல்ல நானே அடித்தேன். கிழக்கே பஞ்சாயத்து ரோடு, மேற்கே வாங்குகிறவரின் வஸ்து. நடுவில் வழக்கமான துண்டை ஒட்டினேன். சகல அவகாசங்களும் என்று முடிகிற இடத்தில் என் விரல் நின்றது. அதற்குக் கீழே, யாரும் சொல்லாமல், ஒரு வரி சேர்த்தேன்: இந்த வஸ்துவில் பறித்துப் போட்டிருக்கும் தேங்காய் விற்பவர்களுக்கே உரியது.

கையெழுத்துக்கு முன்னால் எழுத்துக்காரர் எல்லாவற்றையும் உரக்க வாசித்துக் காட்டுவது கடையின் வழக்கம். பக்கத்து வீட்டுக்காரர் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். என் வீட்டுக்காரர் மாஸ்க்கைப் போட்டுக்கொண்டு வாசல் ஓரம் காற்று வரும் இடத்தில் நின்றார். வாசித்துக்கொண்டே வந்த எழுத்துக்காரர் அந்த வரியில் நின்றார்.

"இதென்ன மக்கா புதுசா? தேங்காய ஆராவது ஆதாரத்துல எழுதுவானா?"

"இருக்கட்டும் சாரே."

"ஓரோ காலத்துல ஓரோ கோட்டி. கெடக்க தேங்காய நாளைக்கு வந்து பொறுக்கிட்டுப் போனா ஆரு கேப்பா?"

பக்கத்து வீட்டுக்காரருக்கு முகம் கறுத்துவிட்டது. "அக்கா, உங்க தேங்காய நான் எடுப்பேன்னா நெனச்சிய? இத்தற காலம் அடுத்தடுத்து இருந்ததுக்கு இதாக்கும் பேரு இல்லியா?"

"உங்களுக்காக இல்ல தம்பி, எனக்காக எழுதினதாக்கும்" என்று கீபோர்டைப் பார்த்துச் சொன்னேன். தலையைத் தூக்கியபோது இவர் வாசலிலிருந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். இருபத்திரண்டு வருடத்தில் என் தொழிலைப் பற்றி ஒரு கேள்வி கேட்டதில்லை அவர். ஓர் ஆதாரத்தை முழுதாக வாசித்ததும் இல்லை. மெதுவாக உள்ளே வந்து மேஜையருகில் நின்று, எனக்கு மட்டும் கேட்கிற மாதிரிக் குனிந்தார்.

"அந்த அமெரிக்கா ஆதாரத்துல தேங்காய எழுதாம விட்டுட்டியா?"

ஆமாம் என்று தலையை ஆட்டினேன்.

அவர் நிமிர்ந்தார். சட்டைப் பையைத் தடவிப் பேனாவைத் தேடினார், இல்லை. எழுத்துக்காரர் தன்னுடையதைக் கொடுத்தார். மாத்திரையால் அவர் கை இப்போதெல்லாம் லேசாக ஆடும். முதல் கையெழுத்து கோடு தாண்டிப் போய்விட்டது, கீழே இன்னொன்று போடச் சொன்னார் எழுத்துக்காரர். நிதானமாகப் பெயரை முழுதாக எழுதி முடித்துவிட்டு, பேனாவை என்னிடம் நீட்டினார்.

"எத்தன தேங்கா கெடக்கு?"

"முப்பத்தெட்டு."

"எண்ணியாச்சா?"

"எண்ணியாச்சு" என்று சொல்லி, அவர் பெயருக்குக் கீழே என் பெயரை எழுதினேன்.